இறால் காலமானது தொடர்பாக

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை நலம், வீடு நலம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகூட நலம். என் நலத்தை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அங்கே நீங்களும் என் மகள் பாப்பாவும் மீன் தொட்டிக் கடையும் கடையிலுள்ள சகல ஜீவராசிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை. இன்றைய நிலையில் ஜீவராசிகளின் சௌக்கியத்தைப் பற்றி என்னைவிடக் கவலைப்படுகிறவன் இந்த ஊரில் ஒருவனும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் அலுவலக மேசையில் நீங்கள் கொண்டுவந்து வைத்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வாழ்ந்துவந்த இறால், இன்று வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குக் காலமான நிலையில் காணப்பட்டது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முப்பத்தொரு வருடமாகக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, குழாய் உடைந்தால் எழுதிக் கொடு, உடைந்த குழாய் சரியானாலும் எழுதிக் கொடு என்று ஊரையே எழுத வைத்தவன் நான். கஷ்டமான சமாச்சாரம் எனக்கு வாயில் வராது, கையில்தான் வரும். சனிக்கிழமை பாப்பா தொட்டியைப் பார்க்க ஆபீசுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் நீங்கள் அவளிடம் பக்குவமாக இதைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஆபீஸ் டிரைவர் கையில் கொடுத்து இதை உங்கள் கடைக்கே அனுப்புகிறேன். அப்படியே சனிக்கிழமை ஒரு வண்டி கொண்டுவந்து தொட்டி, கல், மணல், விளக்கு, உப்புமானி, உப்பு டப்பா, இரண்டு நத்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் உங்கள் மேல் இல்லை.

பழசைக் கிளற ஆசையில்லை. ஆனாலும் கோப்பு என்றால் முதல் தாளிலிருந்து இருக்க வேண்டும். உங்கள் கல்யாணப் பதிவன்று, பதிவு அலுவலக வராந்தாவில், “போயும் போயும் மீன் தொட்டி கழுவுறவனுக்கா என் பொண்ணு” என்று என் அண்ணனிடம் நான் சொன்னது உண்மை. மெதுவாகத்தான் சொன்னேன். அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவு உயரமாக எதற்குக் கூரை போட்டான், ஊசி விழுந்தாலும் எதிரொலிக்கிற மாதிரி? வேறு கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் காதில் விழாதவர் மாதிரி பேனா மூடியைத் திறந்தீர்கள். பாப்பா காதில் விழுந்தவள் மாதிரியே என்னைப் பார்த்தாள். அதிலிருந்து ஒன்றரை வருடம், வீட்டுக்குப் போன் வரும், நான் எடுத்தால், “அம்மாகிட்ட குடுங்க.” இவ்வளவுதான். எப்படிம்மா இருக்கே என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் உங்கள் அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கியிருப்பாள். நான் சொன்னது தப்பு, மாப்பிள்ளை. இதை ஒன்றரை வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை.

இதற்கு நடுவில்தான் எனக்கு இரத்த அழுத்தம் வந்தது. டாக்டர், தினமும் அரை மணி நேரம் எதையாவது அமைதியாகப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். புகார்ப் பிரிவில் எதைப் பார்ப்பது? எதிரே வந்து நிற்கிறவர் முகத்தைப் பார்த்தாலே அழுத்தம் ஏறுகிறது. உங்கள் அத்தை இதைப் பாப்பாவிடம் ஓதியிருக்கிறாள். பத்தாம் நாள் நீங்கள் ஆபீசில் தொட்டியோடு வந்து நின்றீர்கள். பழைய டைப்ரைட்டர் அளவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு பிடி மணல், ஒரு கல், உப்புத் தண்ணீர். கூடவே நான்கு பக்கத்தில் விதிமுறை. அதைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், இவர் நம்ம துறையில் இருந்திருக்க வேண்டிய ஆள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மாப்பிள்ளை, மீன் தொட்டி என்றால் மீன் இருக்கும் என்று எதிர்பார்ப்பது ஒரு மனிதனின் பேராசையா? இவ்வளவு சின்னத் தொட்டியில் மீன் கூடாது, கடைசியில் ஒரு இறால் விடலாம், அதுவும் ஐந்து வாரம் கழித்து, அதுவரை கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேற வேண்டும், தண்ணீர் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஐந்து வாரம் நான் கல்லைப் பார்த்தேன். ஆபீசே வந்து கல்லைப் பார்த்தது. “சார், மீன் எங்க?” “வரும்.” “எப்ப?” “தண்ணி பழகணும்.” “யாரோட?” இந்தக் கேள்விக்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? டைப்பிஸ்ட் அம்மா தினமும் காலையில் கல்லுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் கல்லில் பழுப்பாகப் பாசி படிந்தது, நல்ல அறிகுறி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், நானும் சந்தோஷப்பட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் கல் பால் மாதிரி வெளுத்து ஜன்னல் ஓரம் வெயிலில் காய்கிறது. துப்புரவு வேலை செய்கிற அக்கா, பாவம், நல்லெண்ணத்தில் அதைச் சோப்புத்தூள் போட்டு இரும்பு நாரால் தேய்த்திருக்கிறாள். “நாலு பேர் வந்து போற எடம் சார். பாசி புடிச்சுப்போய்க் கெடந்துச்சு. இப்ப பளபளன்னு ஆயிடுச்சுல்ல?” ஆயிடுச்சு. குடியேறிய அத்தனை உயிரும் கூண்டோடு கைலாசம். நீங்கள் வேறு கல் கொண்டுவந்து, மறுபடியும் ஒன்றாம் வாரம் என்றீர்கள். என் அழுத்தம் அன்றைக்கு நூற்றெழுபது.

அடுத்தது தண்ணீர். தொட்டியில் தினமும் கொஞ்சம் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, ஆகையால் கண்ணாடியில் போட்ட கோடு வரை நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. சரி. எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீர் கூடவே கூடாதாம், குளோரின் இருக்குமாம், கடையில் விற்கிற சுத்திகரித்த தண்ணீர்தான் வேண்டுமாம். மாப்பிள்ளை, நான் யார்? குடிநீர் அலுவலகத்தின் கண்காணிப்பாளர். எங்கள் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலே குடிக்கலாம் என்று ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். நான் ஒரு கேன் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறினால் எப்படி இருக்கும்? ஏறினேன். பெரிய என்ஜினியர் எதிரே இறங்கி வருகிறார்.

“என்னய்யா இது?”

“தண்ணி சார்.”

“அது தெரியுது. யாருக்கு?”

“வரப்போற இறாலுக்கு சார்.”

“ஏன், நம்ம தண்ணிக்கு என்ன கொறச்சல்?”

சாயங்காலமே மெமோ வந்துவிட்டது: துறையின் குடிநீர் மீது துறை ஊழியரே நம்பிக்கை இழந்துவிட்டதாகப் பொதுமக்கள் கருத இடமளித்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் எழுதினேன். மேற்படித் தண்ணீர் மனிதர்களுக்கு உகந்தது, இறாலுக்கு மட்டும் உகந்ததல்ல என்று எழுதினேன். அதற்கு இன்னொரு மெமோ: இதை எந்த ஆய்வின் அடிப்படையில் கூறுகிறீர்? மாப்பிள்ளை சொன்னார் என்று அரசாங்கக் கோப்பில் எழுத முடியுமா? அன்றிலிருந்து கேனைத் துணிப்பையில் மறைத்து, பின்பக்கப் படிக்கட்டு வழியாகத் திருடன் மாதிரி கொண்டுவருகிறேன்.

இது போதாதென்று, மூன்று மாதமாகக் குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது என்று புகார் கொடுத்து வந்த ஒரு முதியவர் ஒரு நாள் பாட்டிலோடு நேரிலேயே வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்தார். உப்பு டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “உப்பு உப்புன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க என்னடான்னா அதுல பண்ணை வெச்சிருக்கீங்க!” என்று போட்டாரே ஒரு சத்தம், மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அவரைச் சமாதானப்படுத்த, நீங்கள் கொடுத்த உப்புமானியில் அவர் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சனியன், அது கொஞ்சம் உப்புக் காட்டித் தொலைத்தது. உப்பு இல்லை என்று அவருக்கு நாங்கள் அனுப்பிய மூன்று பதிலிலும் என் கையெழுத்து இருக்கிறது. இப்போது வாரத்துக்கு ஆறு பேர் பாட்டிலோடு வந்து, “இறால் சார் யாரு?” என்று வாசலில் கேட்கிறார்கள்.

இத்தனைக்கும் நான் அன்றே தொட்டியைத் தூக்கிப் போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்றால், ஒருவழியாக நீங்கள் அந்த இறாலைக் கொண்டுவந்து விட்ட மறுநாள் பதினொரு மணிக்கு என் கைப்பேசி அடித்தது. பாப்பா. தப்பாகக் கூப்பிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். “அப்பா, எறால் வந்துருச்சாமே? என்ன பண்ணுது?” மாப்பிள்ளை, ஆபீசில் அம்மா கிடையாது. போனை யாரிடமும் கொடுக்கச் சொல்ல முடியாது. “மீசையை ஆட்டுதும்மா” என்றேன். “எத்தனை மீசை?” என்றாள். எண்ணிச் சொன்னேன். அதிலிருந்து தினமும் பதினொரு மணிக்குப் போன் வரும். நான் பத்தரைக்கே புகார் வாங்குவதை நிறுத்திவிட்டு, இன்றைக்கு என்ன சொல்வது என்று தொட்டியைப் பார்த்துக் குறிப்பெடுப்பேன். சிவப்பு உடம்பு, முதுகில் ஒரு வெள்ளைக் கோடு, வெள்ளை மீசை. பெரிய என்ஜினியருக்கும் அதே மீசை என்பதால் இங்கே எல்லோரும் இறாலைப் ‘பெரியவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் கவிழ்ந்து கிடந்த நத்தையை நிமிர்த்தக் கையை உள்ளே விட்டேன், பெரியவர் ஏறி வந்து என் நகத்து அழுக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். இதைச் சொன்னபோது பாப்பா, “உங்களுக்கு யாராவது நகம் சுத்தம் பண்ணா பிடிக்கவே பிடிக்காதேப்பா” என்றாள். எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது! சில நாள் பெரியவர் ஒன்றுமே செய்யாமல் கல்லடியில் கிடப்பார். அந்த நாட்களில் நானாகச் சிலது சேர்த்துச் சொன்னேன். அவர் குட்டிக்கரணம் அடித்ததாகவும், டைப்பிஸ்ட் அம்மா குரல் கேட்டுத் திரும்பியதாகவும் நான் சொன்னது நடக்கவில்லை. இதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலை வந்தேன். பையை வைத்தேன். பார்த்தால் பெரியவர் மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறார். நிறம் மங்கி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டார். பென்சிலால் தொட்டேன், அசைவில்லை. வலையில் எடுத்துத் தாளில் வைத்தேன், எடையே இல்லை. என்ன நோவோ, உள்ளுக்குள்ளேயே உருகியிருக்கிறார். உடனே பிரிவு முழுவதையும் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உண்மையைச் சொல்லிவிடுங்கள், யாருடைய வேலை என்று கேட்டேன். நான் ஒரு குற்றவாளியை எதிர்பார்த்தேன். டைப்பிஸ்ட் அம்மா பொலபொலவென்று அழுது, போன வாரம் தொட்டிக்குப் பக்கத்தில் வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டதாகச் சொன்னாள். டிரைவர், தினமும் தான் சாப்பிடுகிற பிஸ்கட்டில் கால்வாசி பெரியவருக்குப் போட்டதாகச் சொன்னார். துப்புரவு அக்கா, விளக்கு வெளிச்சத்தில் அவருக்குத் தூக்கம் கெடுமே என்று இரண்டு நாள் தொட்டி மேல் துணி போர்த்தியதாகச் சொன்னாள். எதிர் மேசைக் குமாஸ்தா, கோட்டுக்குக் கீழே தண்ணீர் குறைந்ததைப் பார்த்து, உப்புத் தொட்டிதானே என்று சமையல் உப்பு ஒரு கரண்டி கலந்து ஊற்றினாராம். ஆளுக்கொரு கொலையை ஒப்புக்கொண்டு, ஆளுக்கொரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். இவ்வளவு ஒத்துழைப்பு எனக்கு எந்த விசாரணையிலும் கிடைத்ததில்லை.

ஆனால் கொன்றது அவர்கள் யாரும் இல்லை. நான்தான். நேற்று மாலை கேன் காலி. கோட்டுக்குக் கீழே அரை விரல் குறைந்திருந்தது. கடைக்குப் போக அலுப்பு. எதிரே குழாய். முப்பத்தொரு வருடம் நான் கையெழுத்துப் போட்ட தண்ணீர், ஊரே குடிக்கிற தண்ணீர், ஒரு டம்ளர் ஊற்றினால் என்ன ஆகிவிடும், மாப்பிள்ளை சும்மா மிரட்டுகிறார் என்று வீம்பில் ஊற்றிவிட்டேன். வராந்தாவில் வாய் விட்டேன், இங்கே கை விட்டேன். ஊற்றும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது என் கவலை ஒன்றே ஒன்றுதான். பாப்பா இதை என்னவென்று நினைப்பாள்? மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்ததை இந்த மனுஷன் வேண்டுமென்றே கொன்றுவிட்டார் என்றுதானே? பழைய பேச்சு அவளுக்கு மறந்திருக்காது. சரி, அப்படி நினைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்குப் பதினொரு மணிக்கு அவள் எதைக் கேட்பாள்? நான் எதைச் சொல்வேன்? நத்தையைப் பற்றி எத்தனை நாள் பேச முடியும்? இன்று பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. போன் மேசையில் கிடந்து துடிக்கிறது, நான் கோப்பால் மூடி வைத்திருக்கிறேன். அழுகை வருகிறது மாப்பிள்ளை, புகார்ப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு அழ முடியுமா, எதிரே நாலு பேர் பாட்டிலோடு நிற்கிறார்கள்.

ஆகவே, நடந்ததை நடந்தபடி பாப்பாவிடம் எடுத்துச் சொல்லும்படியும், அவள் மனம் ஆறும்வரை கூடவே இருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பெரியவரைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பஞ்சில் பொதிந்து உறையில் வைத்து முத்திரையிட்டு அனுப்பியிருக்கிறேன். உங்கள் வழக்கம் என்னவோ அப்படிச் செய்யுங்கள். உங்கள் தொழில் பெருகட்டும், உங்கள் கடையில் எந்த உயிரும் என்னைப் போன்றவர் கையில் சிக்காமல் இருக்கட்டும். பாப்பாவுக்கு என் ஆசிகள். உங்களுக்கும், வாங்கிக்கொள்ள மனமிருந்தால்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

இணைப்பு: 1. இறால் (ஒன்று). 2. வாக்குமூலங்கள் (நான்கு).

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதியது யாவும் ரத்து. வராந்தா பத்தி மட்டும் நிற்கட்டும். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார், கையைத் தட்டி நிறுத்தி, ஜன்னல் விளிம்பில் வைத்து இதை எழுதுகிறேன். எழுதியதைக் கிழித்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை, அதனால் எல்லாம் அப்படியே வருகிறது. இப்போது மூன்றாவது தடவையாகப் பாப்பா கூப்பிட்டாள். டைப்பிஸ்ட் அம்மா கோப்பை எடுத்துவிட்டு, போனை என் காதிலேயே வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன், பெரியவர் போயிட்டாரும்மா என்று.

“முதுகுல பொளந்திருக்காப்பா?” என்றாள்.

டிரைவரிடமிருந்து உறையைத் திரும்ப வாங்கி, முத்திரையை உடைத்துப் பார்த்து, “ஆமா” என்றேன்.

“உள்ள ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமே இல்லம்மா. காலி.”

மாப்பிள்ளை, அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! மூச்சு முட்டி, இருமி, மறுபடி சிரித்து. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். “அது எறாலோட தோலுப்பா! வளரும்போது பழசைக் கழட்டிப் போட்டுரும். புதுசு இறுகுற வரைக்கும் கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கெடக்கும். நாலாம் பக்கத்துல போட்டிருக்கே, படிக்கலையா?” நாலாம் பக்கத்தை நான் கோப்பில் சேர்த்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் வெள்ளை மீசை ஆடுகிறது. ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு கல்லுக்கடியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். இதை மட்டும் நான் மெமோவுக்குப் பதிலாக எழுதத்தான் போகிறேன்.

தொட்டியை எடுக்க வண்டி வேண்டாம். சனிக்கிழமை பாப்பாவோடு நீங்களும் வாருங்கள். ஏன் காலையிலிருந்து போன் எடுக்கவில்லை என்று அவள் கேட்டதற்கு, இறால் போய்விட்டால் நீ இனிமேல் எதற்குக் கூப்பிடப்போகிறாய் என்று பயந்தேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். “அப்பா, எறாலு எங்க கடையிலயே நாப்பது கெடக்கு. அதைக் கேக்கவா நான் தெனமும் உங்களுக்குப் போன் பண்றேன்?” என்றாள்.